நாற்பது வீடும் ஒரு குமரும்

கல்முனைக்குடியில் அபூசாலி ஓடாவியைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் வீட்டுக்குக் கதவே இல்லை என்று அர்த்தம். மரவேலை செய்கிறவரை அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். காதில் பென்சில், தோளில் உளிப்பை, ஒடிசலான உடம்பு, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. மரத்தை இரண்டு தட்டுத் தட்டி உள்ளே பூச்சி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். மனிதரோடு பேசும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்! மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுகிற வாய் அவருக்கு. அந்த வாய்தான் மனிதனைக் கெடுத்தது.

வீட்டு விஷயத்தில் அந்த ஊருக்கு ஒரு வழமை உண்டு. வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். வீடு இல்லாத பெண்ணை எவரும் கேட்டு வரமாட்டார்கள். பெற்றவர்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு கிடுகுக் குடிலைப் போட்டுக்கொண்டு அடுத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். தகப்பன் இல்லையென்றால் அந்தப் பாரம் அண்ணன் தலையில். தங்கச்சிக்கு ஒரு வீட்டை ஒப்பேற்றாமல் தான் போய் மாப்பிள்ளையாகக் குந்தியவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் ஒடுங்கிப்போன ஊர். பெண் பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வளவுகள் துண்டுதுண்டாகி, கடைசியில் ஆடு கட்டக்கூட இடம் இல்லாமல் போய்விட்டது.

அபூசாலியும் அப்படித்தான் செய்தார். மூத்தவள் பாத்தும்மாவுக்குக் காவின் எழுதிக் கலியாணம் முடித்த அன்றே மனைவி நபீஸாவையும் இளையவள் சுஹறாவையும் கூட்டிக்கொண்டு பின்வளவுக் குடிலுக்குப் போய்விட்டார். அதில் அவருக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் சுஹறாவுக்கு இருபத்துமூன்று ஆகிவிட்டது. மணமாகாமல் வீட்டில் இருக்கும் பெண்ணைக் குமர் என்பார்கள் அங்கே. இருபத்துமூன்று வயதுக் குமர் என்றால் பெற்றவளுக்குச் சோறு இறங்காது. கடைத்தெருவில் புடவைக்கடையில் நிற்கும் மசூரைப் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. நல்ல பையன். அவன் பக்கத்தில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஒரு வீடு. எத்தனையோ வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடற்கரைப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, சுவரை இடுப்பளவு எழுப்பி வைத்திருந்தார் அபூசாலி.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. மண்சுவர் கரைந்து போனது. நிலைக்கும் கதவுக்கும் என்று சேர்த்து வைத்திருந்த மரம் கடலுக்குப் போனது. பின்வளவுக் குடிலும் போனது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது எது தன் நிலம், எது பக்கத்து நிலம் என்றுகூடத் தெரியவில்லை. அபூசாலி அந்த ஈரமணலில் குந்தியிருந்து குழந்தை மாதிரி அழுதார்.

பின்வளவில் மறுபடி ஒரு குடிலைப் போட்டுக்கொண்டார்கள். சில மாதம் கழித்து ஒரு பேச்சு அடிபட்டது. வெள்ளத்தில் வீடிழந்த ஏழைகளுக்கு ஊருக்கு மேற்கே வயலோரமாக நாற்பது வீடு கட்டப்போகிறார்களாம், மாதாமாதம் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டித் தீர்க்கலாமாம். கதவு யன்னல் வேலை அபூசாலிக்கே கிடைத்தது. திட்டத்துக்குப் பொறுப்பாக வந்தவர் யாழ்ப்பாணத்து மனிதர், நேர்மையான ஆள். எல்லாரும் ஐயா என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் அவர் வேலைக் கொட்டிலில் வீட்டுப் படத்தை விரித்துவைத்து, கதவு எங்கே யன்னல் எங்கே என்று காட்டினார். அபூசாலி அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, பின்வளவு எங்க?”

“பின்வளவு என்னத்துக்குக் காணும்?”

“மகளுக்கு இந்த ஊட்டச் சீதனமாக் குடுத்தா, உம்மா வாப்பா மறுகா எவடத்த போற?”

ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். “ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. திட்டம் அவ்வளவுதான்.”

இந்தப் படத்தைக் கீறியவருக்குப் பெண் பிள்ளையே பிறந்திருக்காது என்று அபூசாலி தனக்குள் முடிவுகட்டிக்கொண்டார். ஆனாலும் வீடு வீடுதானே. ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை. முதல் ஆளாகப் போய் மனுக் கொடுத்தார்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, பிஸ்மி சொல்லிப் புறப்பட்டார். கந்தோரில் ஐயா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

“உமக்கு வீடு இல்லையோ?”

“இருந்திச்சி ஐயா. மூத்தவள்ட சீதனத்துக்குக் குடுத்திட்டன். அவட வளவுக்குள்ளதான் குடில் போட்டு இருந்த. வெள்ளம் அதையும் கொண்டு போயிற்று.”

“அப்ப இந்த வீடு கிடைச்சா நீரும் மனிசியும் மகளும் இதிலை இருப்பியள். அப்பிடித்தானே?”

பாருங்கள், ‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஐயாவே கையில் எடுத்து ஊட்டிவிடுகிறார், இந்த மனிதன் வாயைத் திறந்து விழுங்க வேண்டியதுதான். ஆனால் அபூசாலிக்கு ரோஷம் வந்துவிட்டது. வயது போன காலத்தில் குமரை வைத்துக்கொண்டு தனக்கு வீடு கேட்கிற தகப்பனா அவர்?

“சீச்சீ! எங்களுக்கு என்னத்துக்கு ஐயா ஊடு? இது ரெண்டாவது மகள்ட சீதனம். மாப்பிள்ளையும் பேசி முடிஞ்சி. காவின் எழுதினா அண்டைக்கே நாங்க வெளியால இறங்கிருவம். அல்லாட காவல், ஒருநாளும் அதுக்குள்ள படுக்க மாட்டம்.”

ஐயாவின் பேனை நின்றது. “நீர் அதிலை குடியிருக்க மாட்டீர்?”

“மாட்டன் ஐயா!” என்று நெஞ்சில் கை வைத்தார் அபூசாலி. ஐயா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனிதனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. “நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதிட்டாரு நபீஸா! அந்த மனிசனுக்கும் குமருகள் இரிக்கி போல, முகத்திலயே தெரியிது” என்று மனைவியிடம் சொன்னார். நபீஸா அன்றிரவு நேர்ச்சைக்குச் சோறு ஆக்கிப் பள்ளிக்கு அனுப்பினாள்.

பெயர்ப் பட்டியலைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, வாசிக்கத் தெரிந்தவர்களை வைத்து மூன்று தரம் பார்த்தாயிற்று. அபூசாலி இல்லை. ஓட்டமும் நடையுமாக ஐயாவிடம் போனார்.

“நீர் சொன்னதைத்தான் காணும் நான் எழுதினன்” என்றார் ஐயா, இரக்கமான குரலில். “வீடு எடுக்கிறவர் தானே அதிலை இருக்க வேணும். கடன் தீருமட்டும் ஆருக்கும் குடுக்கக் கூடாது, சீதனமும் கூடாது. அது சட்டம். இனி உம்மட பேரைச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை.”

அபூசாலி அழுதார். கெஞ்சினார். தானே குடியிருப்பதாகவும், மகளை வெளியே அனுப்புவதாகவும்கூடச் சொன்னார். முதலில் சொன்னதுதான் மெய் என்று ஐயாவுக்குத் தெரியாதா? திரும்பி வரும்போது, சிலர் கைவிட்ட வீடுகள் மிஞ்சியிருப்பதாகவும், அவற்றுக்குப் புது மனு எடுப்பதாகவும் சிற்றூழியன் ஒருவன் சொன்னான். முங்கிச் சாகிறவன் எதையும் பிடிப்பான் அல்லவா? அபூசாலி நேரே புடவைக்கடைக்குப் போய் மசூரை வெளியே கூப்பிட்டார்.

மசூருக்கு வாப்பா இல்லை. உம்மா ஆசியா, தங்கச்சி சுபைறா, வெள்ளத்தில் சரிந்த ஒரு குடில். ஐயாவுக்குப் பிடித்தமான கதை அப்படியே தயாராக இருந்தது!

“மகன், உங்கட பேரில மனுப் போடுங்க. ஆர் இருப்பீங்க எண்டு கேட்டா, நானும் உம்மாவும் தங்கச்சியும் எண்டு சொல்லுங்க. சுஹறாட பேச்சையே எடுக்க வேணாம். ஊடு கிடைச்சா அதுக்குள்ளயே காவின எழுதிருவம். ஊடு ஆர்ட பேரில இருந்தா என்ன, இருக்கப்போறது நீங்க ரெண்டு பேரும்தானே?”

“பொய் சொல்லச் சொல்றீங்களா மாமா?”

“என்ட மெய்தான் மகன் என்னய இந்தத் தெருவில விட்டிருக்கி.”

நபீஸாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஆம்பிளட பேரில ஊடா? நம்மட ஊரில கேள்விப்பட்டதே இல்லியே” என்று முணுமுணுத்தாள். அபூசாலி அவளை அதட்டி அடக்கினார். மசூர் ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னான். முப்பத்தோராம் இலக்க வீடு அவன் பேருக்கு வந்தது. அந்த வீட்டுக்கு மட்டும் அபூசாலி தன் கைச்செலவில் நல்ல முதிரை மரம் தேடி நிலை வைத்தார். சீவி, தேய்த்து, கையால் தடவித் தடவிப் பார்த்தார். மகள் நுழையப்போகிற வாசல் என்று அவ்வளவு ஆசை அந்த மனிதனுக்கு.

சாவி கொடுத்த மறுநாள் ஆசியா உம்மாவைப் பார்க்கப் போனார்.

“ராத்தா, அல்ஹம்துலில்லாஹ், ஊடு கிடைச்சிட்டு. நோம்புக்கு முதல் காவின எழுதிப்போடுவம்.”

ஆசியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஓடாவியார், நான் ஒளிச்சிக் கதைக்க மாட்டன். ஊடு மசூர்ட பேரில வந்திருக்கி எண்டதும் சுபைறாக்கு அக்கரைப்பற்றில இருந்து கேட்டு வந்திருக்காங்க. தங்கச்சி குமராக் கிடக்க, கையில இரிக்கிற ஊட்டோட அவன் உங்கட மகளுக்கு மாப்பிள்ளையாப் போனா ஊரு காறித் துப்பாதா?”

“ராத்தா! அந்த ஊட்டுக்கு வழி காட்டினதே நான்!”

“ஓம், நீங்கதான். என்ட உசிர் உள்ளவரைக்கும் உங்களுக்குத் துஆச் செய்வன். ஆனா நீங்க மசூர்ட வாப்பாவா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்லுங்க.”

என்ன சொல்வார்? சுபைறாவுக்குத்தான் கொடுத்திருப்பார், ஒரு நிமிஷமும் யோசிக்காமல். அது அவருக்கே தெரியும். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மசூர் வேலிப்பக்கம் திரும்பி நின்றான், முகத்தைக் காட்டவில்லை. “நீங்க ஒரு ஊட்டக் கட்டுங்க மாமா, நான் காத்திருக்கன்” என்றான். சத்தியமாக அப்போது அவன் மெய்யாகத்தான் சொன்னான்.

எதைக் கொண்டு கட்டுவது? வெட்கத்தை விட்டு மூத்தவள் பாத்தும்மாவிடம் போய், நடுவில் ஒரு பலகைத் தட்டியை அடித்து வீட்டில் பாதியைத் தங்கச்சிக்குத் தருவாளா என்று கேட்டார். பாத்தும்மா கோபப்படவில்லை. தன் இரண்டு பெண் குழந்தைகளையும் இழுத்து முன்னால் நிறுத்தினாள். “இதுகள நான் எந்தப் பாதிக்குள்ள வைக்க வாப்பா?” என்று மட்டும் கேட்டாள். அபூசாலி பேத்திகளின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டார்.

சுபைறாவின் கலியாணம் முப்பத்தோராம் வீட்டில் நடந்தது. ஆசியா உம்மா குசினிக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி அதற்குள் ஒண்டிக்கொண்டாள். ஐந்தாறு மாதம் போயிற்று. பிறகு அந்தச் செய்தி வந்தது: மசூருக்கு நிந்தவூரில் கல்வீட்டோடு பெண் பேசிவிட்டார்கள், அடுத்த மாதம் காவின்.

நபீஸா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சுஹறா அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் இருந்தவள், வாப்பா உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“வாப்பா, அண்டைக்கு அந்த ஐயா கேட்டநேரம் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணுமே. ஏன் வாப்பா சொல்லல்ல?”

அபூசாலி வந்த காலோடு திரும்பினார். குடிலை விட்டு இறங்கி நடந்தார். வெயிலும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. ஆசியா உம்மா மேல் ஆத்திரம், மசூர் மேல் ஆத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் நாக்கின் மேல் ஆத்திரம். அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல் இருந்தது. நடந்து நடந்து நீதிமன்ற வாசலான கோட்டடிக்கு வந்துவிட்டார். அங்கே மரத்துக்குக் கீழே மேசை போட்டுக்கொண்டு பெட்டிசம் எழுதுகிற மக்கீன் இருந்தான். ஊரில் யாருக்கு யார் மேல் என்ன முறைப்பாடு இருந்தாலும் பேர் போடாமல் கந்தோருக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு.

முப்பத்தோராம் வீட்டில் மசூர் குடியில்லை, தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டான், சட்டப்படி அதைப் பறிக்க வேண்டும் என்று அபூசாலி சொல்லச் சொல்ல மக்கீன் எழுதினான். கீழே ‘இப்படிக்கு, நீதியை நேசிக்கும் ஏழை’ என்று போட்டான். அபூசாலி அதைத் தன் கையாலேயே தபாற்பெட்டியில் போட்டார்.

கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும்தான் அவருக்கு உறைத்தது. வீட்டைப் பறித்தால் தனக்கா தரப்போகிறார்கள்? தன் பேர்தான் என்றைக்கோ வெட்டுப்பட்டுப் போயிற்றே! அக்கரைப்பற்று மாப்பிள்ளை வீடில்லாத பெண்ணோடு எத்தனை நாள் இருப்பான்? யா அல்லாஹ், என்ன வேலை செய்தேன் என்று பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் எட்டவில்லை. அடுத்த இரண்டு கிழமையும் அந்தக் கடிதம் வழியில் தொலைந்துபோக வேண்டும் என்று ஐந்து நேரமும் தொழுது கேட்டார்.

தொலையவில்லை. ஒரு நாள் அசர் தொழுகைக்கு முன்னால், மழைக்கு ஊதிப்போன யன்னல் ஒன்றை இருபதாம் வீட்டில் சீவிக்கொண்டிருந்தபோது ஐயா வந்து இறங்கினார். கையில் அந்தக் கடதாசி.

“ஓடாவியார், என்னோடை ஒருக்கால் வாரும்.”

முப்பத்தோராம் வீட்டு வாசலில் ஆசியா உம்மா நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. கதவுக்குப் பின்னால் சுபைறா, வயிறு தெரியத் தொடங்கிய பெண், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மசூர் கடையில், சுபைறாவின் மாப்பிள்ளை வயலில். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

“ஒரு பெட்டிசம் வந்திருக்கு” என்றார் ஐயா. “இந்தச் சனத்திட்டைக் கேட்டு வேலையில்லை. நீர் பொய் சொல்லாத ஆள். அதாலை உமக்கு என்ன நட்டம் வந்ததெண்டு எனக்குத் தெரியும். அதுதான் உம்மட்டைக் கேக்கிறன். இந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?”

அபூசாலி கதவைப் பார்த்தார். நிலையைப் பிடித்திருந்த விரல்களில் மருதோன்றிச் சிவப்பு. சுஹறாவின் விரல் மாதிரியே மெலிந்த விரல்.

“மசூர்தான் இரிக்காரு ஐயா. உம்மாவும் தங்கச்சியும் மச்சானும் அவரோட இரிக்காங்க. சீதனமும் இல்ல, ஒண்டும் இல்ல. பொறாமையில ஆரோ எழுதியிருக்கான்.”

“மெய்தானே?”

“மெய் ஐயா.”

ஐயா பெட்டிசத்தின் மூலையில் எதையோ எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வண்டி மறைந்ததும் ஆசியா உம்மா அப்படியே வாசலில் குந்திவிட்டாள். ஏங்கி ஏங்கி அழுதாள். பிறகு இரண்டு கையையும் வானத்துக்கு ஏந்தினாள்.

“யா ரப்பே! நான் இந்த மனிசனுக்குச் செஞ்சது எனக்குத் தெரியும். அப்பிடியிருந்தும் என்ட புள்ளய நடுத்தெருவுக்கு விடாமக் காப்பாத்தினாரு. அவர்ட குமருக்கு ஒரு ஊட்டையும் ஒரு மாப்பிள்ளையையும் நீ குடு!”

“ஆமீன்” என்றார்கள் வேலியோரத்துப் பெண்கள். அபூசாலியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமீன் என்றார். உளிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

“நில்லுங்க ஓடாவியார்!” ஆசியா உம்மா எழுந்துவிட்டாள். ஏந்திய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. குரல் மாறியிருந்தது. “இந்தப் பெட்டிசத்த எழுதினவன் ஆரெண்டு எனக்குத் தெரியா, உனக்குத் தெரியும் நாயனே. வயித்துப் புள்ளக்காரிட ஊட்டப் பறிக்க நினைச்சான் அவன். அவன்ட ஊட்டுக் குமர் மௌத்தாகும் வரைக்கும் ஒரு மாப்பிள்ளட முகத்தைக் காணாமக் குந்திக் கிடக்கட்டும். அவள்ட மையித்து குமராவே கபுறுக் குழிக்குப் போகட்டும்!”

“ஆமீன்” என்றாள் கதவுக்குப் பின்னால் சுபைறா. “ஆமீன்” என்றார்கள் பெண்கள்.

அபூசாலி உளிப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களும் சொல்லுங்க ஓடாவியார். உங்களப் போல நல்ல மனிசன்ட ஆமீன அல்லாஹ் தட்ட மாட்டான்.”

“ஆமீன்” என்றார்.

ஆசியா உம்மாவுக்குக் கேட்கவில்லை. காதுக்குக் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னார்.